எதிரிகள் உள்ள ஊர்

அன்று அந்த வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். யன்னலோரம், வெப்பமூட்டியில் முழங்கால் முட்டும்படி, அலோசியஸ். பென்சன் எடுத்த நாளிலிருந்து வீட்டுக்குள்ளும் ஜக்கெட்டோடு இருப்பவர். சோபாவில் ஸ்பிரிங் அமுங்காத பக்கத்தில் செல்வரட்ணம், மடியில் நீலக் கோப்போடு. கெல்சென்கிர்ச்சன் என்ற இந்த ஜெர்மன் நகரத்துத் தமிழருக்கு ஜெர்மன் கடிதங்கள் எழுதிக் கொடுப்பவர் அவர். எந்த வீட்டில் எந்த இருக்கை நல்லது என்பது அவருக்கு மனப்பாடம். அவருக்கு எதிரே, கண்ணாடி அலுமாரிக்கு முதுகு காட்டி, விருந்தாளிக் கதிரையில் திரு. லாம், ஜெர்மன் வழக்கப்படி ஹெர் லாம். கதவோடு ஒட்டிய முக்காலியில் மகள் ஜெசிக்கா, டோர்ட்முண்ட் ரயிலுக்கு எழும்பி ஓட வசதியாக. ஐந்தாவது ஆள் புஷ்பமலர். அவள் இருக்கவில்லை. குசினி வாசலில் அகப்பையோடு நின்றாள். நின்றால்தான் எல்லாருடைய உச்சந்தலையையும் பார்த்துக் கதைக்கலாம் என்பது அவளுடைய கொள்கை.

வெளியே நவம்பர் மழை. விழவும் மனமில்லாமல் போகவும் மனமில்லாமல் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நிற்கிற மழை. உள்ளே கூழ் மணம். காலைத் தமிழ்ப் பூசை முடிந்து வந்த கையோடு அவள் அடுப்பை மூட்டியிருந்தாள். நண்டை உடைத்துப் போட்டு, இறாலும் மரவள்ளியும் பயித்தங்காயும் அவிந்த பிறகு பனங்கிழங்கு ஒடியல் மாவைக் கரைத்து ஊற்றி, புளி விட்டு, கிண்டிய கை ஓயாமல் கிண்டினாள். செல்வரட்ணம் வந்த காரியம் அவளுக்குப் பிடிக்காத காரியம். ஆனால் வந்த ஆளுக்குச் சோறு போடாமல் விடுகிற வளர்ப்பில்லை. போட்டுவிட்டுத் திட்டுகிற வளர்ப்பு.

காரியம் இதுதான். அலோசியஸ் பிறந்த ஊரான யாழ்ப்பாணத்துக்கு ஒரேயடியாகத் திரும்புகிறார். கொய்யாத்தோட்டத்தில் புஷ்பமலருக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு இருக்கிறது. உறுதி அவள் பேரில், குடியிருப்பு அவளுடைய தங்கை பிறேமா. அங்கே போய்விடுவது என்றால் இங்கே இந்த மூன்றாம் மாடி வீட்டை விட வேண்டும். விடுகிறோம் என்று வீட்டுக் கொம்பனிக்கு எழுதிய கடிதம்தான் செல்வரட்ணத்தின் நீலக் கோப்புக்குள் இருந்தது. கடிதம் போனால் வீடு போகும்; வீடு போனால் புஷ்பமலரின் வேலையும் போகும், அவளும் போக வேண்டும்.

ஹெர் லாமைக் கூப்பிட்டது அவள். லாம் வியட்நாமியர், டானாங் நகரத்தில் பிறந்தவர். வாலிப வயதில் படகேறி அகதியாக வந்து, இந்த ஊர் ஆஸ்பத்திரிக் குசினியில் மரக்கறி வெட்டினார். அதே குசினியில் அலோசியஸ் சட்டி கழுவினார். மனைவி இறந்த பிறகு லாம் டானாங்குக்கே திரும்பிப் போய்விட்டார். இப்போது பேரனின் ஞானஸ்நானத்துக்காக பக்கத்து எசன் நகரத்தில் மகள் வீட்டில் வந்து நிற்கிறார் என்று கேள்விப்பட்டதும் புஷ்பமலருக்கு ஒரு யோசனை வந்தது. ஊருக்குத் திரும்பிப் போனவன் வாயால் ஊரின் இலட்சணத்தைக் கேட்டால் இந்த மனிசனுக்குப் புத்தி வரும்.

லாமோடு கதைப்பது ஜெர்மனில். சட்டியும் கத்தியும் தட்டும் பாதியாக நிறைந்த குசினி ஜெர்மன். தமிழில் அது இப்படி வரும்.

"ஹெர் லாம், இரண்டு வருசமாப் பிறந்த ஊரிலை இருக்கிறியள். எப்பிடி எண்டு உண்மையைச் சொல்லுங்கோ. இவர் கேக்கட்டும்."

லாம் கூழில் இரண்டு வாய் குடித்தார். நண்டுக் காலை எடுத்துச் சூப்பி, ஓட்டைத் தட்டின் விளிம்பில் வடிவாக வைத்தார்.

"அது ஊரில்லை. மோட்டார்சைக்கிள் வளக்கிற பட்டி. றோட்டிலை மோட்டார்சைக்கிள், நடைபாதையிலை மோட்டார்சைக்கிள், சாப்பாட்டுக் கடைக்குள்ளை மேசைக்கு மேசை மோட்டார்சைக்கிள். நான் சந்தியிலை பச்சை லைட் வரும்வரை நிப்பன். நிண்டால் சிரிக்கிறாங்கள். ஒருநாள் பள்ளிக்கூடப் பிள்ளையள் வந்து, தாத்தாவுக்குக் கண் தெரியாது எண்டு என்ரை கையைப் பிடிச்சு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுதுகள்."

ஜெசிக்கா சிரித்தாள். புஷ்பமலர் அகப்பையால் கணவனைக் காட்டி, "கேளுங்கோ" என்றாள்.

"பிறகு என்ன செய்தனீங்கள்?" என்று அலோசியஸ் கேட்டார்.

"திருப்பி வந்து பழைய பக்கத்திலையே நிண்டன். பச்சை வந்த பிறகுதான் கடந்தன். சட்டம் தெரியாத மிருகங்கள் எண்டு சத்தமாச் சொன்னன். இப்பவும் தினம் நிக்கிறன். தேத்தண்ணிக் கடைக்காரன் எனக்குச் சந்திப் பொலிஸ் எண்டு பேர் வைச்சிருக்கிறான்."

"நக்கல்" என்றாள் புஷ்பமலர். "ஊர்ச் சனத்தின்ரை நக்கல். கண்டியளோ, அப்பா."

"சலூனுக்குப் போனன்" என்று லாம் தொடர்ந்தார். "ஜெர்மனியிலை எத்தினை வீடு எண்டு கேட்டான். வாடகை வீடு எண்டன். கத்தரிக்கோல் நிண்டிட்டுது. கண்ணாடியிலை என்னைப் பாக்கிறான், ஏதோ செத்த எலியைப் பாக்கிற மாதிரி. மத்தியானத்துக்குள்ளை தெரு முழுக்கத் தெரியும். நாற்பது வருசம் வெளிநாட்டிலை இருந்திட்டு ஒரு சூட்கேசும் வயித்துக் குளிசையும் கொண்டு வந்திருக்கிறான் எண்டு. தங்கச்சியின்ரை பேரப்பிள்ளையள் என்னோடை இங்கிலீசிலை கதைக்குதுகள். எனக்கு இங்கிலீஷ் வராது, ஜெர்மன்தான் வரும் எண்டன். அதை வைச்சு என்ன செய்யிறது எண்டு கேக்குது சின்னன்."

"அதுவும் நியாயமான கேள்விதான்" என்றார் செல்வரட்ணம். நாற்பது வருசமாக அதை வைத்தே மரியாதை சம்பாதித்தவர்.

"பதிவு செய்ய அலுவலகத்துக்குப் போனன். அங்கை இருக்கிறவன் நான் வெளிக்கிட்டுப் பத்து வருசத்துக்குப் பிறகு பிறந்தவன். இந்த நகரத்துக்கு முதல் முதல் எப்ப வந்தீர் எண்டு கேக்கிறான். உனக்குப் பின்னாலை தெரியிற ஆஸ்பத்திரியிலை என்ரை அம்மா என்னைப் பெத்த அண்டைக்கு வந்தனான் எண்டன். அப்பிடி ஒரு பிரிவு இல்லை, விசாத் திகதியைச் சொல்லும் எண்டான்."

"பாத்தியளோ" என்றாள் புஷ்பமலர். குரலில் சந்தோசத்தை மறைக்க அவள் மினக்கெடவில்லை. "பிறந்த ஊரிலை விருந்தாளிப் பதிவு. உதுக்குத்தான் போகப் போறியள்."

ஆனால் அலோசியஸ் அவளைப் பார்க்கவில்லை. கதிரையை லாமின் பக்கம் இழுத்துவிட்டார். ஜக்கெட்டின் சிப்பை யாரும் சொல்லாமலே திறந்துவிட்டார்.

"மீன் சந்தை எப்பிடி?"

"அதைக் கேக்காதை." லாமின் முகம் சிவந்தது. "ஒரு மீன்காரி இருக்கிறாள். முதல் நாள் வெள்ளைக்காரனுக்குச் சொல்லுற விலை சொன்னாள். நான் பிறந்தது இந்தச் சந்தைக்குப் பின்னாலை எண்டு சொன்னன். அப்ப பின்னாலையே போய் நில்லு, முன்னாலை ஆக்கள் வாங்கட்டும் எண்டாள். அடுத்த நாள் போய் உன்ரை மீன் நேத்துச் செத்ததில்லை, போன கிழமை தற்கொலை செய்தது எண்டு சொன்னன். இப்ப ஒவ்வொரு விடியவும் நாங்கள் இரண்டு பேரும் திட்டுறம். சனம் நிண்டு கேக்கும். எனக்கெண்டு ஒரு பாரை மீனை ஈரச் சாக்குக்குக் கீழை வைச்சிருப்பாள். தரேக்குள்ளை, பூனைக்கு வைச்சது, பரவாயில்லை நீ கொண்டு போ எண்டுவாள்."

அலோசியஸ் வாய்விட்டுச் சிரித்தார். தொண்டையிலிருந்து வந்த அந்தச் சிரிப்பை அந்த வீட்டுச் சுவர்கள் நெடுநாளாகக் கேட்டதில்லை.

லாம் நிறுத்தவில்லை. பக்கத்து வீட்டுக்காரன் பின்னேரத்திலிருந்து மைக் பிடித்துப் பாடுகிறான், தராசில் ஏற்றிய பன்றி மாதிரி இருக்கிறது என்று அவனுடைய படலையில் நின்றே சொன்னாராம். அப்படியென்றால் நீர் பாடும் என்று அவன் மைக்கைக் கையில் கொடுத்துவிட்டானாம். மின்சாரக் கணக்கு எடுக்க வருகிறவன் கள்ளன். கோயில் பாடகர் குழுத் தலைவி கிழட்டு வாத்து. கோப்பிக் கடைப் பெடியனுக்குக் கோப்பியைத் தவிர மற்ற எல்லாம் தெரியும். இரண்டு கோப்பைக் கூழ் முடிந்தும் டானாங்கில் ஒரு நல்ல மனிசர் வரவில்லை.

புஷ்பமலருக்கு அகப்பை கனத்தது. ஆஸ்பத்திரிக் குசினிக் காலத்து லாமை அவள் அறிந்தவள். கிறிஸ்மஸ் ஒன்றுகூடல்களில் பார்த்திருக்கிறாள். மூலையில் இருப்பார். ஏதாவது கேட்டால் ஓம் என்பார். ஒருமுறை புதிதாக வந்த சமையல்காரன் ஒருவன் இவர் வெட்டிய கரட்டை எல்லாம் குப்பையில் கொட்டிவிட்டுத் திரும்ப வெட்டச் சொன்னபோது, பரவாயில்லை என்று சொல்லித் திரும்ப வெட்டியவர் என்று அலோசியஸ் வந்து சொல்லியிருக்கிறார். அந்தச் சமையல்காரனுக்கு அலோசியசும் ஒன்றும் சொல்லவில்லை.

"இவ்வளவு கேவலமான ஊர் எண்டால் இஞ்சயே திரும்பி வாங்கோவன், ஹெர் லாம்" என்றாள் கடைசியில். "மகளும் இருக்கிறா. பேரனும் வந்திட்டான்."

லாம் அவளை விளங்காதவர் போலப் பார்த்தார்.

"இஞ்ச வந்து என்ன செய்யிறது? எனக்கு இஞ்ச ஒரு எதிரிகூட இல்லையே."

பிறகு கூழ் அருமை என்று சொன்னார். இன்னொரு கோப்பை கேட்டார்.

செல்வரட்ணம் தருணம் அறிந்தவர். நீலக் கோப்பைத் திறந்து கடிதத்தை எடுத்து, பேனை மூடியைக் கழற்றி, இரண்டையும் அலோசியசின் முன்னால் வைத்தார்.

"தம்பி, இதிலை கையெழுத்தை வையும். தேதி போட்டு, வாடகை எண் போட்டு, எல்லாம் ஒழுங்கா எழுதியிருக்கிறன். மூண்டு மாதத் தவணை. மார்கழி, தை, மாசி. பங்குனியிலை நீங்கள் பறக்கலாம்."

"நீங்கள் எப்ப அண்ணை பறக்கிறியள்?" என்று புஷ்பமலர் கேட்டாள். எல்லாரையும் ஊருக்கு அனுப்பக் கடிதம் எழுதுகிறவர், தன்னுடைய யாழ்ப்பாண வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு இங்கே இருக்கிறவர் என்பது அந்த அறையில் லாமுக்கு மட்டும்தான் தெரியாது.

"எனக்குப் பிறஷர் டொக்டர் இஞ்ச இருக்கிறார், தங்கச்சி."

"ஓம். அங்கை பிறஷரே இல்லைத்தானே."

ஜெசிக்கா முக்காலியில் இருந்தபடியே கையை நீட்டிக் கடிதத்தை எடுத்து வாசித்தாள். ஒரு காப்புறுதிக் கந்தோரில் வேலை செய்கிறவள். கடிதத்தை அடியிலிருந்து மேலே வாசிக்கும் பழக்கம் உள்ளவள்.

"அங்கிள், இதிலை அப்பான்ரை பேர் மட்டும்தானே கிடக்கு. வீட்டு ஒப்பந்தத்திலை ரெண்டு பேரும் கையெழுத்து வைச்சவை. ரெண்டு பேரும் வைச்சால்தான் விடலாம்."

"குடும்பத் தலைவர் வைச்சால் காணும், பிள்ளை. நான் எத்தினை குடும்பத்துக்கு எழுதினனான்."

"அந்த எத்தினை குடும்பத்திலையும் அம்மாமார் வைக்கமாட்டன் எண்டு சொல்லியிருக்கமாட்டினம். அதாலை உங்களுக்குத் தெரிய வரேல்லை."

செல்வரட்ணம் பேனையை மூடினார். அலோசியஸ் மனைவியைப் பார்த்தார். லாம் தமிழ் விளங்காமல் நண்டு ஓட்டைத் தட்டின் விளிம்பில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"நீர் வைக்கமாட்டீரோ?"

"இண்டைக்கு வைக்கமாட்டன்."

"உமக்கு இஞ்ச என்னதான் கிடக்கு, புஷ்பம்? மழையும் அந்த லோண்டரியும். இந்த ஊரை ஒருநாளாவது நல்லாச் சொல்லியிருக்கிறீரோ நீர்?"

அவள் பதில் சொல்லவில்லை. இது அவளிடம் நடவாத காரியம் என்பதால் ஜெசிக்கா ரயிலை விட்டுவிட்டு அடுத்த ரயிலில் போனாள்.

திங்கட்கிழமை புஷ்பமலர் வழக்கம்போல் முதல் ட்ராமில் வேலைக்குப் போனாள். ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளைத் தோய்த்துக் கொடுக்கும் லோண்டரி. ஈர விரிப்புகள் வண்டில் வண்டிலாக வரும். இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று, ஆளுக்கு இரண்டு மூலை பிடித்து, ஒரே இழுவையில் சுருக்கெடுத்து, ஓடும் பட்டியில் கவ்வ வைக்க வேண்டும். பட்டி அதைச் சூடான உருளைக்குள் கொண்டு போகும். ஒருத்தி சற்றுப் பிந்தினாலும் விரிப்புக் கோணிக்கொண்டு போய் உருளையில் சிக்கும். பிறகு மிஷினை நிறுத்தி, ஆவிக்குள் கை விட்டு உருவ வேண்டும். அவளுக்கு எதிரே நிற்பவள் ஹதீஜே என்ற துருக்கிக்காரி. ஒருவருடைய தோள் அசைவு மற்றவருக்குத் தெரியும். பேர் சொல்லிக் கூப்பிட வேண்டிய தேவை வருவதில்லை.

அன்று புதிய மேற்பார்வைக்காரன் டெனிஸ் பட்டியின் வேகத்தை ஒரு படி கூட்டினான். நாலாவது விரிப்புச் சிக்கியது.

புஷ்பமலர் சிவப்புப் பொத்தானை அமர்த்தினாள். மிஷின் நின்றது. கூடம் முழுக்க அமைதி. அந்த அமைதிக்குள் அவள் ஜெர்மனில் சொன்னாள்:

"டெனிஸ், உன்ரை அம்மா உன்னைப் பெத்த காலத்திலை நான் இந்த மிஷினிலை நிண்டனான். நீ கூட்டினது வேகமில்லை, விசர். திருப்பிக் குறை. இல்லாட்டி நீயே வந்து இந்த ஆவிக்குள்ளை கையை விடு. உனக்கு வடிவான கை, ஒரு வேலையும் செய்யாத கை, பாப்பம்."

"ஃபிறாவ் அலோசியஸ், ஒவ்வொரு திங்கட்கிழமையும் உங்களோடை ஒரு பிரச்சினை" என்றான் டெனிஸ்.

"மற்ற நாளிலை நீ வேலைக்கு வாறதில்லை, அதாலை."

ஹதீஜே விரிப்புக்குள் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள். டெனிஸ் காது சிவந்து போய் வேகத்தைக் குறைத்தான். போகும்போது கையை வீசி ஏதோ முணுமுணுத்தான். அவள் திருப்பி முணுமுணுத்தாள். உடம்பெல்லாம் சூடாக, இதமாக இருந்தது. மூலையைப் பிடித்து இழுத்தபோது அவளுக்கு ஒன்று பிடிபட்டது. இந்த இதம் நேற்று வேறொரு முகத்தில் பார்த்தது. பூனைக்கு வைத்த மீனைப் பற்றிச் சொன்ன முகத்தில்.

அதற்குப் பிறகு அன்று முழுக்க அவள் கணக்கெடுத்தாள். டெனிஸ் ஒருவன். கீழ்மாடி நொவாக் கிழவி, படி கழுவுகிற கிழமை யாருடையது என்று சோக்குக் கட்டியால் சுவரில் அடையாளம் வைக்கிறவள். அவளோடு படிக்கட்டில் நின்று சண்டை பிடிக்காத சனிக்கிழமை கிடையாது. பாண் கடைக்காரி, நேற்றைய பாணை இன்றைய பாணுக்கு அடியில் வைத்து விற்கிறவள். தமிழ்ப் பூசையில் பாட்டுக் குழுவை நடத்தும் கமலநாயகி, குரல் இல்லாதவள், குரலைத் தவிர மற்ற எல்லாம் உள்ளவள். ட்ராமில் காலை நீட்டி இருக்கிற பெடியன்கள் எல்லாரும். இந்த ஊரில் அவளுக்கு எதிரி இல்லாத தெரு இல்லை.

கொய்யாத்தோட்டத்துக்குக் கடைசியாகப் போனது மூன்று வருசத்துக்கு முந்தி. போன வீடெல்லாம் கதிரை தந்தார்கள். துடைத்துத் தந்தார்கள். அலுமாரிக்குள் இருக்கும் பூப்போட்ட கோப்பையில் தேத்தண்ணி. அக்கா சொன்னால் சரிதான் என்றாள் பிறேமா, அவள் சொன்னது பிழையாக இருந்தபோதும். ஒருத்தரும் எதிர்த்து ஒரு சொல் சொல்லவில்லை. பத்தாம் நாள் அவளுக்கு முகம் வலித்தது, சிரித்துச் சிரித்து. ஆனால் அலோசியஸ் போன முதல் நாளே பக்கத்து வளவு அந்தோணிப்பிள்ளையோடு கழிவுவாய்க்கால் பற்றிச் சண்டை. வேலிக்கு இந்தப் பக்கம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நின்று அவர் கத்தியதை அவள் கிணற்றடியிலிருந்து கேட்டாள். இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார் அன்று. பிளேனில் திரும்பி வரும்போது ஏறியதிலிருந்து இறங்கும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

வேலை முடிந்து வந்தபோது அவர் யன்னலோரத்தில், ஜக்கெட்டோடு. மேசையில் செல்வரட்ணத்தின் கடிதம் அப்படியே கிடந்தது. அவள் பழங் கூழைச் சூடாக்கி இரண்டு கோப்பையில் ஊற்றிக்கொண்டு வந்து, அவருக்கு எதிரே இருந்தாள். இருந்ததைக் கண்டு அவர் நிமிர்ந்தார்.

"இஞ்சேருங்கோ. நான் உதிலை வைக்கமாட்டன்."

"தெரியும். நேத்தே சொல்லியிட்டீர்."

"நீங்கள் போங்கோ."

"எங்கை?"

"கொய்யாத்தோட்டத்துக்கு. நீங்கள் போங்கோ. நான் நிக்கிறன்."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "கோவத்திலை கதைக்காதையும்."

"எனக்குக் கோவம் வந்தால் இவ்வளவு மெதுவாக் கதைப்பனோ? இவ்வளவு காலம் இருந்தும் அது தெரியாதோ உங்களுக்கு."

"சனம் என்ன சொல்லும்?"

"கமலநாயகி சொல்லுவா, புருசனைக் கலைச்சுப்போட்டாள் எண்டு. நான் அவவுக்குச் சொல்ல வேண்டியது கனக்கக் கிடக்கு. ஒரு சாட்டு இல்லாமல் இருந்தனான்."

"பகிடி விடாதையும், புஷ்பம். கலியாணம் கட்டினவை இப்பிடிச் செய்யிறதோ? ஒருத்தர் அங்கை, ஒருத்தர் இஞ்ச?"

"செய்தனாங்கள்தானே." அவள் கூழைக் கலக்கினாள். "நீங்கள் ஏஜென்சிக்காரனோடை வெளிக்கிட்டு பெர்லின் ஷோனெஃபெல்ட் எயாப்போட்டிலை வந்து இறங்கினியள். கூப்பிடுறன் கூப்பிடுறன் எண்டு ஆறு வருசம். நான் அந்த வீட்டிலை தனிய இருந்தனான். ஷெல் விழேக்குள்ளை மேசைக்குக் கீழை தனியப் படுத்தனான். அப்ப ஒருத்தரும் வந்து கேக்கேல்லை, கலியாணம் கட்டினவை இப்பிடிச் செய்யிறதோ எண்டு. கெட்டிக்காரி, பொறுமைசாலி எண்டுதான் சொன்னவை. ஆம்பிளை போய்ப் பொம்பிளை இருந்தால் பொறுமை. இப்பவும் ஆம்பிளைதான் போறார். பொம்பிளைதான் இருக்கிறாள். என்ன வித்தியாசம்?"

"அப்ப சண்டை நடந்தது."

"இப்பவும் சண்டைக்குத்தானே போறியள். அந்தோணிப்பிள்ளையின்ரை வாய்க்காலோடை."

அவர் சிரிக்கப் பார்த்தார். வாய் பாதியில் நின்றது. யன்னல் பக்கம் திரும்பி, எதிர்க் கட்டடத்தில் மூடிக் கிடக்கும் கடையின் தகரக் கதவைப் பார்த்தார்.

"இந்த ஊரிலை நான் ஒருத்தரையும் ஒரு சொல் சொன்னதில்லை" என்றார். "அந்தக் கரட்டைக் கொட்டினவனைக்கூட."

"தெரியும்."

"சொல்லத் தெரியாமலில்லை. ஜெர்மன் வரும். வாய் திறக்கேக்குள்ளை எனக்குள்ளை ஒருத்தன் சொல்லுவான், நீ அகதியெண்டு அன்ட்றாக் எழுதிக் குடுத்து வந்தவன், வாயை மூடு எண்டு. விசாக் கிடைச்ச பிறகும் சொன்னான். பாஸ்போட் வந்த பிறகும் சொன்னான். உமக்கு அவன் இல்லை."

"எனக்கும் இருந்தவன். ஹதீஜேயோடை நிண்டு அவனை மிஷினுக்குள்ளை விட்டிட்டன்."

இந்த முறை அவர் சிரித்தார். பிறகு, "வருத்தம் வந்து படுக்கையிலை விழுந்தால் என்ன செய்வீர்?" என்று கேட்டார்.

"எனக்கு வந்தால் ஜெசிக்கா வருவாள். உங்களுக்கு வந்தால் பிறேமா அழுவாள், பிறகு எனக்கு ஃபோன் பண்ணுவாள், நான் வருவன். சும்மாவும் வருவன், லீவுக்கு. அந்தப் பூப்போட்ட கோப்பையிலை தேத்தண்ணி குடிச்சிட்டு, விருந்தாளியாத் திரும்பி வருவன். பிறேமா நல்லாச் சமைக்கமாட்டாள். அவளைத் திட்டிச் சமைக்கப் பழக்குங்கோ. நான் திட்டினால் அழுகிறாள்."

"அது உம்முடைய வீடு."

"ஓம். உங்களைக் கட்டுறதுக்கு அப்பா தந்த வீடு. இப்ப ரெண்டாந்தரம் உங்களுக்குச் சீதனமாத் தாறன். இந்த முறை பொம்பிளை இல்லாமல்."

அவருடைய கண் கலங்கியிருந்ததை அவள் கண்டாள்; அது துக்கமா, விடுதலையா என்று கேட்க அவளுக்கு மனமில்லை. இரண்டும் என்றால் அவளுக்கு எரிச்சல் வந்திருக்கும். கூழ்க் கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினாள். குசினியில் தண்ணீரைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் அவளும் கொஞ்சம் அழுதாள். பிறகு கோப்பையைக் கழுவினாள்.

புதிய கடிதத்தை எழுதித் தரும்படி செல்வரட்ணத்திடம் கேட்டபோது அவர் மறுத்துவிட்டார். ஃபோனில் அவருடைய குரல் பூசைக் குரலாக இருந்தது.

"தங்கச்சி, வீடு விடுற கடிதம் எழுதுவன், வீடு எடுக்கிற கடிதம் எழுதுவன். புருசன் போறார், மனிசி நிக்கிறா எண்டு எழுத என்னட்டை மாதிரிக் கடிதம் இல்லை. அப்பிடி ஒரு வழக்கம் எங்களிட்டை இல்லை."

"நல்லது அண்ணை. நீங்கள் பிறஷரைப் பாருங்கோ."

ஜெசிக்கா ஃபோனில் சொல்லச் சொல்லப் புஷ்பமலர் கையால் எழுதினாள். கணவர் அலோசியஸ் ஒப்பந்தத்திலிருந்து விலகுகிறார். மனைவி புஷ்பமலர் தனியாக அதே வீட்டில் தொடர்ந்து இருக்க விரும்புகிறார். இதற்குச் சம்மதம் வேண்டுகிறோம். மூன்று வசனம். மகள் சொன்ன வணக்கத்துக்குரிய சொற்களைக் குறைத்து எழுதினாள். கொம்பனிக்கு இவ்வளவு மரியாதை காணும் என்றாள். நொவாக் கிழவியின் அடையாளங்களைச் சுவரிலிருந்து அழிக்கும்படியும் ஒரு வரி சேர்க்கப் பார்த்தாள். ஜெசிக்கா விடவில்லை.

"அம்மா, உண்மையாத்தானோ?" என்று மகள் கடைசியில் கேட்டாள்.

"கையெழுத்து எந்தப் பக்கம் வைக்கிறது எண்டு சொல்லு."

அலோசியஸ் முதலில் வைத்தார். பிறகு அவள். அவருடைய எழுத்து கோட்டுக்குள் ஒடுங்கிச் சின்னதாய் இருந்தது. அவளுடையது எப்போதும் போல, தாளைக் கிழிக்கிற மாதிரி.

புதன்கிழமை வேலை முடிந்து அவள் வந்ததும் இருவரும் சேர்ந்தே போனார்கள். தபால் எடுக்கும் இடம் தெருமுனைக் கடைக்குள் இருந்தது. ஒரு பக்கம் பேப்பரும் சிகரெட்டும் லொத்தர்ச் சீட்டும், மறு பக்கம் பொதிகளும் தராசும். உறையை அவள் ஒட்டவில்லை. வீட்டில் ஒட்டியிருக்கலாம். வழியில் அவர் ஏதாவது சொல்லுவாரோ என்று ஒட்டாமல் கையில் வைத்திருந்தாள். அவர் அவளுக்குக் குடை பிடித்துக்கொண்டு வந்தார்.

கடைக்குள் வரிசை. பிள்ளைவண்டிலோடு ஒருத்தி, பெரிய பொதியோடு ஒருவன், பிறகு இவர்கள். தொப்பி போட்ட ஒரு ஆள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, லொத்தர்ச் சீட்டை ஆட்டியபடி எல்லாரையும் தாண்டிப் போய்க் கடைக்காரிக்கு முன்னால் நின்றான்.

புஷ்பமலர் வாயைத் திறந்தாள். அதற்குள் அவளுடைய தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஹலோ. வரிசை அங்கை முடியுது. கதவடியிலை. நீங்கள் அதைத் தாண்டித்தான் வந்தனீங்கள்."

அலோசியஸ். ஜெர்மனில். சத்தமாக.

தொப்பிக்காரன் திரும்பிப் பார்த்தான். தனக்கு ஒரு சீட்டுத்தான் என்றான்.

"எங்கள் எல்லாருக்கும் ஒவ்வொரு அலுவல்தான். இந்தப் பிள்ளை வண்டிலுக்குள்ளை அழுகுது, அதுகூட வரிசையிலை நிக்குது. உமக்கு வயசு என்ன?"

பொதியோடு நின்றவன் சரியாகச் சொன்னீர்கள் என்றான். தொப்பிக்காரன் தோளைக் குலுக்கி, ஏதோ முணுமுணுத்து, பின்னால் போய் நின்றான். அலோசியஸ் விடவில்லை; திரும்பி நின்று, முணுமுணுத்தது என்ன என்று கேட்டார். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன. குடையை ஊன்றியிருந்தார். ஜக்கெட் திறந்திருந்தது.

புஷ்பமலர் அந்த முகத்தைப் பார்த்தாள். வேலிக்கு இந்தப் பக்கம், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நின்ற முகம். இவ்வளவு காலத்துக்குப் பிறகு, இப்பதான் இந்த மனிசனுக்கு இந்த ஊரில் வாய் வந்திருக்கிறது. இன்னும் கொஞ்சம் பொறுத்தால். ஒரு வருசம். இரண்டு வருசம். உறை கையில் திறந்தபடி இருந்தது.

போகிறவன் என்பதால்தான் வாய் வந்தது என்று அவளுக்கு உடனேயே விளங்கியது. நிற்கச் சொன்னால் நாளைக்கே மூடிக்கொள்ளும்.

"அடுத்த ஆள்" என்றாள் கடைக்காரி, முன்னால் நின்ற இருவரையும் அனுப்பிவிட்டு.

புஷ்பமலர் உறையின் விளிம்பில் இருந்த பட்டியை உரித்தாள். மடித்து, உள்ளங்கையால் ஒருமுறை, பிறகு இன்னொருமுறை அழுத்தித் தேய்த்து, தராசில் வைத்தாள்.

"பதிவுத் தபாலா?"

"ஓம். பதிவு."

கடைக்காரி நிறுத்தாள். சீட்டை ஒட்டினாள். பின்னாலிருந்த மஞ்சள் பெட்டிக்குள் உறையைப் போட்டாள். அலோசியஸ் இன்னும் தொப்பிக்காரனோடு கதைத்து முடிக்கவில்லை.